பச்சைச் சதுரம்

கல்லுண்டாய் வெளிக்குப் பூநாரைகள்
இந்த முறை பிந்திவிட்டன.
நாங்களும்தான்.
ஏழரை தாண்டினால் உப்புத் தரை வெள்ளையடித்துவிடும்,
எந்தக் கமராவும் கண்ணைச் சுருக்கும்.
முக்காலிகளை மடித்துக்கொண்டு
பண்ணையடித் தேத்தண்ணிக் கடைக்கு வந்தோம்.
படம் கிடைக்காத ஞாயிறுகளில்தான்
எங்களுக்குப் புதினங்கள் கிடைப்பது.

டொமினிக்கின் இடது கண்ணில்
ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் மூடி, குறுக்கே பிளாஸ்டர்.
"லென்ஸ் மாத்தியாச்சு" என்றார்
கொழும்பில் போய் வாங்கி வந்தவர் மாதிரி.
"கிட்டவோ தூரவோ எண்டு டொக்டர் கேட்டார்.
ஒண்டுதான் தரலாமாம்.
சூம் இல்லை, ஓட்டோ ஃபோகஸும் இல்லை."
"நீங்கள் என்ன சொன்னியள்?"
"தூரம். பேப்பருக்குக் கண்ணாடி போடலாம்.
நான் கண்ணாடி தேடுமட்டும் கொக்கு நிக்குமோ?"

இளங்கீரனின் மடியில், குழந்தைத் துவாயில் சுற்றி,
இருபத்துநாலு மாதத் தவணையில் ஒரு புதுக் கமரா.
உள்ளே கண்ணாடியே இல்லை அதற்கு.
"என்னைப் போலத்தான்" என்றார் டொமினிக்,
தொட்டுப் பார்த்து, கைரேகை வைத்து,
திட்டு வாங்கினார்.

"கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், அண்ணை.
மனுசன், பறவை, நாய், ரயில்."
"ரயிலுக்கு எங்கையடா கண்?"
"டிரைவர் இருக்கிற இடம்."
"எல்லாம் அது செய்தால் நீ என்ன செய்வாய்?"
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"நான் காத்திருப்பன்."

கௌரிதாசனுக்குத்தான் பொறுக்கவில்லை.
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் தடவை
'டக்' என்று அடித்த பெட்டி அவருடையது,
பாதிக்கு மேல் கலியாணங்கள்.
"சத்தம் வராட்டி மாப்பிளைக்கு எப்பிடித் தெரியும்
சிரிப்பை இனி விடலாம் எண்டு?"
மேசை குலுங்கியது.
பிறகு வடையைப் பிய்த்தபடி, எங்களைப் பார்க்காமல்:
"நானும் அட்வான்ஸ் குடுத்திட்டன்."

நஸ்லியா அப்போதுதான் வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
ஃபோனை மேசை நடுவில் வைத்தாள்.
சாம்பல் நிறத்தில் ஒரு விசிறி,
நிலவில்லாத இரவில்
ஐஎஸ்ஓவை உச்சிக்கு ஏற்றினால் வரும் பொரிப் பொரி.
"நொய்ஸ் கூட" என்று தொடங்கிய கௌரிதாசன்
வடையோடு நின்றுபோனார்.
"எத்தினை மாதம், பிள்ளை?"
"நாலு."
ஏழு வருசத்தை அவளும் சொல்லவில்லை
நாங்களும் எண்ணவில்லை.
"இது வெளிச்சத்தில எடுக்கிற படமில்லையாம்" என்றாள்.
"சத்தத்தில எடுக்கிறதாம்.
காதுக்குக் கேக்காத சத்தம்."

இளங்கீரன் கமராவைத் தூக்கினான்.
பின்திரையில் எல்லாத் தலைகளும் குவிந்தன.
பச்சைச் சதுரம் அலைந்தது:
சீனிப் போத்தல், வடையில் ஈ,
டொமினிக்கின் மூடாத கண்.
அதைத் திருப்பிக் கொண்டுபோய் ஃபோனில் விட்டான்.
சாம்பலுக்குள் அது தடவித் தடவிப் போய்
ஓரிடத்தில்
நின்றது.
மூச்சு விடுமளவு நேரம். பிறகு இல்லை.

"பிடிச்சதோ?"
"எடுத்தனியோ?"
சத்தம் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.
அவனுக்கே நிச்சயமில்லை;
தேடிப் பார்க்கவும் அவனுக்கு மனமில்லை.
நஸ்லியா ஹெல்மெட்டுக்குள் அழுதாளா சிரித்தாளா
அதுவும் தெரியவில்லை.

என் பையில், லென்ஸ் துடைக்கும் துணிக்கும்
மேலதிக பற்றரிக்கும் நடுவில்
மல்லாகம் கோர்ட்டிலிருந்து வந்த உறை.
வியாழக்கிழமையிலிருந்து நான் தனி ஆள்.
மேசை நடுவில் வைக்கலாம் என்றுதான்
கொண்டுவந்தேன்.

டொமினிக் புதுக் கண்ணுக்குப் பழகாத தலையை
என் பக்கம் திருப்பினார்.
"உமக்கு என்ன புதினம்?"
நான் இருந்தது கிட்ட.
அவர் வாங்கியது தூரம்.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.
இன்னொரு பிளேன்ரீ சொன்னேன்.